பஞ்சாரத்துக்குள் யார்?

தாய்க்கோழி தன் குஞ்சுகளைக் கொத்தி விரட்டும் காலம் ஒன்று உண்டு. இரண்டு மாதம் போல இறக்கைக்குள் வைத்துக் காத்தவள், மறுபடி முட்டைக்கு வரும்போது விரட்டிவிடுகிறாள். விரட்டப்பட்டவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வெடைக்கோழியான பிறகும் சில ஜோடிகளுக்கு அந்த ஒட்டுதல் விடுவதில்லை. சேர்ந்தே மண்ணில் புரளும், ராத்திரி ஒரே கொம்பில் உரசிக்கொண்டு அடையும். அரசு மானியத்தில் 4 வாரக் குஞ்சுகளாக வந்து சேர்பவை தாயையே அறியாதவை. அவற்றுக்குக் கூடவே வளர்ந்ததுதான் எல்லாம்.

*

தேர்வாய் கண்டிகை கிராமத்தில் ஊரின் மேய்ச்சல் காடு சிப்காட் வளாகமாகி, டயர் ஆலையும் வந்துவிட்டது. வீட்டைச் சுற்றியிருந்த வெட்டவெளியும் மதிலும் வாடகை அறையுமாகச் சுருங்குகிறது. கோழிச் சண்டையைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு முதலில் இந்த இடச் சுருக்கம்தான் நினைவுக்கு வருகிறது. வெளி இருந்தால் இளைத்த கோழி புதருக்குள் ஓடிப் பிழைக்கும். மதில் மூலையில் மாட்டிக்கொண்டால் கொத்து அதன் தலையிலேயே விழும். ரத்தம் தெரிந்துவிட்டால், அதுவரை சும்மா இருந்தவையும் சேர்ந்து கொத்தும்.

*

கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்றொரு வரிசை இருப்பதை நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே 1921-லேயே எழுதிவைத்தார். சிறுவனாக இருந்தபோதே கோழிகளை உட்கார்ந்து கவனித்தவர் அவர். வரிசை நிலைத்துவிட்டால் ஒரு முறைப்பே போதும், சண்டை வராது. புதுக்கோழி வந்தாலோ, இருந்த ஒன்று போய்த் திரும்பினாலோ வரிசை கலையும். சில வாரம் கண்ணில் படாமல் வைத்திருந்த கோழி திரும்பும்போது அந்நியமாகிவிடுகிறது. கூடவே வளர்ந்த ஜோடிகூட அதைக் கொத்தலாம். இதை நினைத்தால் எனக்கு மனசு மிகவும் வலிக்கிறது.

*

அடிபட்டதைத் தூக்கி, கவிழ்த்து மூடும் கூடையான பஞ்சாரத்துக்குள் அடைப்பதுதான் நம் வழக்கம். ஜோடி வெளியே நின்று கத்திக்கொண்டு பஞ்சாரத்தையே சுற்றிவரும். அடித்தது மட்டும் கம்பீரமாகத் திரியும். அதைவிட, அடிக்கிற கோழியைச் சில நாள் அடைத்து வைப்பதே சரி. அது திரும்பும்போது வரிசையில் பழைய இடம் காத்திருக்காது, திமிரும் தணிந்திருக்கும்.

காயம் ஆழமென்றால் அடிபட்டதைப் பிரிக்காமல் முடியாது. மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசி, ஜோடியையும் கூடவே விடுங்கள். பஞ்சாரம் அதே முற்றத்தில், மற்றவை பார்க்கும்படி இருக்கட்டும். புண் ஆறியபின் இருட்டியதும் கொம்பில் ஏற்றிவிடுங்கள். காலையில் தீனியையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள், இளைத்த கோழியும் வயிறாரத் தின்னட்டும்.