உச்சிக்கு முன்னால் ஒரு பொறி

பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் பொறி விழுந்தால் சரி என்றுதான் தோன்றும். ஆனால் பெட்ரோலும் காற்றும் எரிந்து முடிய சுமார் 2 மில்லிசெகண்ட் ஆகும். 3000 ஆர்பிஎம்மில் அதற்குள் கிராங்க் 36 டிகிரி சுழன்றுவிடும். 800 ஆர்பிஎம்மில் 10 டிகிரிகூட இல்லை. அதனால் வேகம் கூடக்கூடப் பொறி முந்திக்கொள்ள வேண்டும்.

அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் வேகத்துக்குத் தகுந்த மாற்றத்தை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன எடைகளும் ஸ்பிரிங்குகளும் பார்த்துக்கொள்ளும். அடிப்படை அளவை மட்டும் மனுஷக் கைதான் வைக்க வேண்டும். வன்னியம்பட்டி மெக்கானிக் அண்ணாச்சி போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பி, காது கொடுத்துக் கேட்கிறார். ரொம்ப முந்தினால் ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். பிந்தினால் இழுவை போய்ச் சூடாகும்.

வண்டி அப்பாவுடையது. இப்போதெல்லாம் ராத்திரி ராஜபாளையம் ரோட்டில் எதிரே லாரி வெளிச்சம் வந்தால் தடுமாறுகிறார். "இனி ஓட்டாதீங்கப்பா" என்று எப்போது சொல்வது?

திருக்குறளில் காலமறிதலுக்குத் தனி அதிகாரமே உண்டு. 'காலமறிதல்' என்றாலே பொறுத்திருப்பது என்றுதான் பேசிக்கொள்கிறோம். எனக்கு அது பாதிதான். சொல்லும் எரிய நேரமெடுக்கும்: முதலில் கோபம், அப்புறம் மௌனம், பிறகுதான் யோசனை. நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் சொல்லியிருந்தால், மேலேறும் பிஸ்டனை எதிர்த்து அடித்த மாதிரி. விபத்துக்கு அப்புறம் சொன்னால் அது வெறும் தீர்ப்பு.

அவர் சண்டை போட்டு, யோசித்து, தானாகவே சாவியைக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே சொல்வதுதான் மரியாதை. முதலில் ராத்திரி ஓட்டத்தைப் பற்றி மட்டும். இந்த வாரமே.