அடங்கிக் கிடப்பது நம்பிக்கையாகுமா?



வீட்டில் முயல் வளர்ப்போரில் சிலர் ஒரு வித்தை காட்டுவார்கள். துள்ளி ஓடும் முயலைப் பிடித்து மல்லாத்திக் கிடத்துவார்கள். சற்று நேரத்தில் அது கல்லைப்போல் அசைவற்றுப் போகும். "பார்த்தீர்களா, என்னிடத்தில் எவ்வளவு நம்பிக்கை!" என்பார்கள்.

மெய் வேறு. பகைப்பிராணியின் பிடியில் அகப்பட்ட முயல், தப்ப வழியில்லாதபோது செத்ததுபோல் கிடக்கும். அவ்வேளையில் அதன் அச்சம் தணிவதில்லை என்றே பரிசோதித்தவர்கள் கூறுகிறார்கள். வெளியே அமைதி, உள்ளே நடுக்கம்.

வீட்டு முயலின் முன்னோர் ஸ்பெயின், பிரான்ஸ் முதலிய தேசங்களில் வளை தோண்டி வாழ்ந்தவை. நரியும் கழுகும் அவற்றுக்குச் சத்துரு. ஆகவே மேலிருந்து இறங்கும் கை, அன்புள்ள கையானாலும், முயலுக்குக் கழுகின் நகமே.

அப்படியானால் அதன் நம்பிக்கையைப் பெறுவது எப்படி? தரையில் உட்காருங்கள். ஓடி ஒளிய இரண்டு வாசலுள்ள ஒரு பெட்டியை வையுங்கள். அருகில் கொஞ்சம் கொத்தமல்லித் தழையைப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அது வரும், முகரும், ஓடிவிடும். துரத்த வேண்டாம். நாட்களல்ல, வாரங்களும் ஆகலாம். ஓடிப்போக வழியிருந்தும் ஓடாமல், ஒருநாள் அது உங்கள் பக்கத்தில் காலை நீட்டிப் படுக்கும். அதுவே நம்பிக்கை.

"கண்டிப்பே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். நோயுற்ற முயலைப் பிடித்துத்தான் ஆகவேண்டும். அப்போதும் பின்னங்கால்களைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். இல்லையேல் அது உதறும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். கீழ்ப்படிதலைக் கட்டளையால் பெறலாம். நம்பிக்கையை அப்படிப் பெற முடியாது. அது எளியவன் தானாகக் கொடுப்பது. கொடுக்க மறுக்கும் உரிமையும் அவனுக்குண்டு.

தகப்பன் குரல் கேட்டதும் வாயடைத்து நிற்கும் பிள்ளையை "அடக்கமானவன்" என்று மெச்சுகிறோம். மனைவி எதிர்வார்த்தை பேசாத வீட்டைச் "சமாதானமான வீடு" என்கிறோம். அது சமாதானம்தானா, மல்லாத்திய முயலின் அமைதியா?

இதை அறிய ஒரு வழி உண்டு. உங்கள் பிள்ளை ஏதேனும் தப்பிதம் செய்துவிட்டால் முதலில் யாரிடம் ஓடி வருகிறான்? உங்களிடமா, அல்லது உங்களுக்குத் தெரியாமல் ஒளிய ஓர் இடத்துக்கா? ஒளிகிறான் என்றால் அவனைத் துரத்தாதீர்கள். முதலில் நீங்கள் தரையில் உட்காருங்கள்.