நுகத்தடி தூரம்

பவானிசாகர் பக்கம், காட்டோரத் தோட்டம் ஒன்றில் மடிவீக்கம் கண்ட பசுவுக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பெரியவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்:

“ஏனுங் டாக்டரம்மா, முன்னயெல்லாம் மாடு கால் இழுத்துக் கெடந்தா ஒரு ஊசி போடுவாங்க, மறுநா எந்திரிச்சு நின்னுக்கும். அந்த ஊசிதான் பொணந்தின்னிக் கழுகுகளையெல்லாம் கொன்னுபோட்டுதுன்னு இப்பச் சொல்றீங்க. மாட்டோட வலி தீரோணும்னுதானுங்க போட்டாங்க? அதுல பாவம் எங்கிருந்துங்க வந்துச்சு? பலனப் பாக்காமக் கடமையச் செய்யுன்னுதானே கீதையிலயும் சொல்லியிருக்குது?”

கால்நடை மருத்துவம் படித்த எனக்குக் கழுகின் கதை தெரியும். கேள்வியின் பின்பாதிக்கு வாசலில் நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. நான் பணிக்கு வந்தது அந்த மருந்துக்குத் தடை விழுந்த பிறகுதான். என்றாலும் அந்தக் கேள்வி என் தொழிலின் நடுவில் நிற்கிற கேள்வி. நல்ல மனத்தோடு செய்த காரியம் எங்கோ, என்றோ, யாருக்கோ கேடாக முடிந்தால் செய்தவர் அதற்குப் பொறுப்பா?

முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி 1990களில் மலிவான கால்நடை மருந்தாக இந்தியா முழுதும் பரவியது. காய்ச்சல், வீக்கம், கால்வலி எல்லாவற்றுக்கும் கேட்டது. கிழடாகிப் படுத்துவிட்ட மாட்டுக்கும் கடைசி நேர வலி குறையட்டும் என்று போட்டார்கள். அப்படிப் போட்ட மாடு ஓரிரு நாளில் செத்தால் மருந்து அதன் உடலிலேயே தங்கியிருக்கும். அந்த இறைச்சியைத் தின்ற பாறுக் கழுகின் சிறுநீரகம் சில நாளில் செயலிழக்கும். யூரிக் அமிலம் வெள்ளைப் படிவமாக ஈரலிலும் இதயத்திலும் படிந்து பறவை இறந்துபோகும்.

ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவில், கழுகுகள் கழுத்து தொங்கி உட்கார்ந்திருந்து செத்து விழுவதை 1990களின் பிற்பகுதியில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் பதிவு செய்தார். ஏதோ தொற்றுநோய் என்றே முதலில் சந்தேகித்தார்கள். பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் மருந்துதான் காரணம் என்று 2004இல் வெளியிட்டபோது காலம் மிகவும் கடந்திருந்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு இந்தியாவில் அழிந்தன. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் இனம் அது.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கணக்கு ஒன்று உண்டு. இந்த அழிவுக்கு எல்லா மாடும் ஊசி வாங்கியிருக்க வேண்டியதில்லை. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே போதும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஒரு பிணத்தில் பல கழுகுகள் கூடித் தின்பதால் அப்படி. ஊசிக்குப் பின் பிழைத்து எழுந்த மாடுகளால் கழுகுக்குக் கேடில்லை. ஆக, போட்ட ஊசிகளில் பெரும்பாலானவை ஒரு கழுகைக்கூடக் கொன்றிருக்காது. தனித்தனியே பார்த்தால் யார் கையிலும் கறை இல்லை. சேர்த்துப் பார்த்தால் வானமே காலியாகிவிட்டது.

விளைவு கழுகோடும் நிற்கவில்லை. பிணங்கள் அப்படியே கிடந்து அழுகின. தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி பெருகியது, நீர்நிலைகள் கெட்டன. கழுகுகள் அழிந்ததால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024இல் எழுதினார்கள். இறந்தவர் உடலைக் கழுகுகளிடம் ஒப்படைப்பதைச் சமயக் கடமையாகக் கொண்ட மும்பைப் பார்சிகள், கழுகே இல்லாமல், சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை நாட வேண்டியதாயிற்று. ஒரு மாட்டின் கால்வலியிலிருந்து இவ்வளவு தூரம்.

இனிப் பெரியவரின் கேள்வி. மனமா செயலா, எது பெரிது என்ற வழக்கு இந்த மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. பௌத்த நூல்தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி என்ற இல்லறத்தார், மகாவீரரின் சீடராக, நாளந்தாவில் புத்தரிடம் வாதாடப் போகிறார். உடலால் செய்யும் தீங்கே கனமானது என்பது அவர் தரப்பு. மனத்தின் நோக்கமே கனமானது என்பது புத்தர் தரப்பு. இந்த வாதத்தை மட்டும் படித்தால் புத்தர் நம் பெரியவர் பக்கம் என்றே தோன்றும்.

ஆனால் அதே தொகுப்பில், மகன் ராகுலனுக்குப் புத்தர் சொல்லும் உபதேசமும் இருக்கிறது. ஒரு காரியத்தைச் செய்யுமுன் எண்ணிப் பார், செய்துகொண்டிருக்கும்போது எண்ணிப் பார், செய்து முடித்த பின்னும் எண்ணிப் பார். இது எனக்கோ பிறருக்கோ துன்பமாக முடியுமா என்று கேள். முடியும் என்று முன்பே தெரிந்தால் செய்யாதே. நடுவில் தெரிந்தால் நிறுத்து. பின்னால் தெரிந்தால் அறிந்தவரிடம் சொல்லிவிட்டு இனிச் செய்யாதிரு. நோக்கமே பெரிது என்றவர், நோக்கத்தோடு சேர்த்து இத்தனை பார்வையையும் பிள்ளையிடம் கேட்கிறார்.

சமணம் இன்னும் நெருக்கமாக வருகிறது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், கவனமற்ற நிலையில் உயிரைப் போக்குவதை இம்சை என்கிறது. சமண முனிவர் நடக்கும்போது தனக்கு முன்னால் நுகத்தடி நீளத்துக்குத் தரையைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது அவர்களது ஒழுக்கம். அடிவானம் வரை பார்க்கச் சொல்லவில்லை, அது மனிதரால் ஆகாது. பார்க்க முடிந்த அந்தத் தூரத்தைப் பாராமல் கால் வைப்பதுதான் குற்றம்.

கீதைக்கு வருகிறேன். பலனில் பற்று வைக்காதே என்று கண்ணன் சொன்னது உண்மை. பதினெட்டாம் அத்தியாயத்தில் அதே கண்ணன் செயல்களை மூன்றாகப் பிரிக்கிறான். பின்விளைவையும், இழப்பையும், பிற உயிருக்கு நேரும் துன்பத்தையும், தன் திறனையும் எண்ணாமல் மயக்கத்தில் தொடங்கும் செயலைக் கடைசிப் படியில், தாமசம் என்று வைக்கிறான். எனக்கு என்ன கிடைக்கும் என்ற கணக்கைத்தான் அவன் கைவிடச் சொன்னான். பிறருக்கு என்ன ஆகும் என்ற கணக்கை அவன் கைவிடச் சொல்லவே இல்லை. வள்ளுவரும் தெரிந்துசெயல்வகை என்று ஒரு முழு அதிகாரத்தை இதற்கென்றே ஒதுக்கினார்.

இத்தனையையும் வைத்துப் பார்க்கும்போது என் பதில் இது. 1990களில் அந்த ஊசியைப் போட்டவர்களுக்குப் பாவமில்லை. மாட்டுக்கும் மனிதருக்கும் நன்மை செய்த மருந்து பறவையைக் கொல்லும் என்பது அன்று அவர்களது நுகத்தடி தூரத்துக்குள் இல்லை. 2006இல் கால்நடைக்கான தயாரிப்பை அரசு தடைசெய்த பிறகு கதை மாறுகிறது. கழுகுக்குக் கேடில்லாத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து கைவசம் இருந்தும், மனிதர்களுக்கான பெரிய டைக்ளோஃபெனாக் குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் தொடர்ந்தது. அதனால்தான் 2015இல் அந்தக் குப்பியை 3 மில்லிக்குக் குறைக்க வேண்டிவந்தது. மாட்டின் மீதுள்ள அன்பு அந்த ஊசிகளிலும் இருந்தது. பார்ப்பதற்கு மறுத்த அன்பு அது. ஜடாயுவுக்கு இராமனே ஈமக்கடன் செய்த தலம் என்று திருப்புட்குழியைக் கும்பிடுகிற நாடு இது. அந்தப் பக்தியாலும் கழுகைக் காக்க முடியவில்லை.

சட்டம் வரட்டும் என்று காத்திருப்பதும் போதாது. அசெக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலிநிவாரணி மாட்டின் உடலில் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது என்பது 2016இல் ஆய்வில் தெரிந்துவிட்டது. கால்நடைக்கு அதைத் தடைசெய்த ஆணை 2023இல்தான் வந்தது. அந்த ஏழு ஆண்டுகளில் அதை எழுதிக்கொடுப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு மருத்துவரும் தன் மனச்சாட்சியோடு தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயமாக இருந்தது.

எல்லா விளைவையும் எண்ணிக்கொண்டே இருந்தால் ஒரு மாட்டையும் தொட முடியாதே என்பார்கள். வலியில் துடிக்கும் மாட்டின் முன்னால் நின்றுகொண்டு அதை நான் மறுக்க மாட்டேன். அதனால் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறேன். தவறிப்போனால் திரும்பப் பெறக்கூடியதா? கேடு வந்தால் அது சம்மதம் கேட்கப்படாத யார் தலையில் விழும்? இதே நன்மைக்கு வேறு வழி உண்டா? மாட்டின் வலிக்கு இன்னொரு மருந்து உண்டு. போன இனத்துக்கு இன்னொன்று கிடையாது. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், மற்ற இரண்டையும் கேட்காமல் சிரிஞ்சைத் தொடக்கூடாது என்பது என் முடிவு.

தென்னிந்தியாவில் எஞ்சிய பாறுகளுக்கு மாயாற்றுப் பள்ளத்தாக்கு முக்கியமான புகலிடம். முதுமலையிலும் சத்தியமங்கலம் காட்டிலும் அவை கூடு கட்டுகின்றன. அங்கே இன்னொரு சோதனையும் உண்டு. புலி அடித்த மாட்டின் உடலில் ஆத்திரத்தோடு விஷம் தடவுகிறவருக்குத் தன் இழப்பு மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் தின்னப்போவது புலி மட்டுமில்லை. அந்த ஆத்திரம் நியாயமானதுதான். இழப்பீடு காலத்தில் கைக்கு வந்தால்தான் மாட்டுக்காரருக்கும் தூரம் பார்க்கும் மனம் வரும். பின்விளைவை எண்ணு என்று ஏழைக்கு உபதேசிப்பவர்கள், எண்ணிப் பார்க்கும் அவகாசத்தை அவருக்குக் கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள்.

பெரியவர் கேட்ட பாவத்துக்கு என் பதில் இவ்வளவுதான். தெரியாமல் செய்தவரை யாரும் குறை சொல்ல வேண்டாம். தெரிந்துகொள்ளக்கூடிய இடத்தில் இருப்பவர் தெரிந்துகொள்ளாமல் இருப்பதை இனி நல்ல மனம் என்று சொல்லவும் வேண்டாம்.