விடுவித்தால் தீருமா?

மும்பையில் மித்தி நதி கடலோடு கலக்கும் இடம் மாஹிம். அங்குள்ள கோலிவாடாவில் கோலி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். மீன்கள் இனம் பெருக்கும் மழைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி வைப்பதும், நாரளி பூர்ணிமா அன்று கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்து வணங்கிய பின்னரே மீண்டும் கடலில் இறங்குவதும் அவர்களது மரபு. உயிரைக் கொன்று பிழைக்கும் தொழில்தான். ஆயினும் கடல் தருகிறது, தாங்கள் பெறுகிறோம் என்ற பணிவு அதில் உண்டு.

மீன்பிடித்தலுக்கு வேறொரு முகமும் உண்டு. தாயகத்து ஓடைகளில் பொழுதுபோக்காகத் தூண்டிலிட்டுப் பழகிய ஆங்கிலேயர், அந்த இன்பத்தை நீலகிரியிலும் நாடினர். 1863-இல் பிரான்சிஸ் டே அங்கு டிரௌட் மீன்களை வளர்க்க முயன்று தோல்வியுற்றார். பின்னர் எச்.சி. வில்சனின் முயற்சியால் 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பண்ணை அமைந்தது. வானவில் டிரௌட் மலைநீரில் நிலைபெற்றது.

இறகும் நூலும் கொண்டு ஈயைப் போலச் செய்த தூண்டிலால் இம்மீனைப் பிடிப்பது உலகெங்கும் ஒரு கலையாகப் போற்றப்படுகிறது. காட்டு ஏரியின் தனிமை, நெடுநேரப் பொறுமை, நீரை உற்றுநோக்கும் ஒருமுனைப்பு ஆகியவை தியானத்திற்கு நிகரானவை என்பர் அதில் ஈடுபடுவோர். பெரிய மீன் அகப்பட்டதும் அளந்து, புகைப்படம் எடுத்து, நீரிலேயே விட்டுவிடுவோர் பலர்.

கொன்று உண்பவர், கொல்லாமல் விடுபவர் ஆகிய இருவருள் அஹிம்சைக்கு அருகில் இருப்பவர் யார்?

விடுபவரே என்று மனம் உடனே விடை கூறும். 2003-இல் லின் ஸ்னெட்டன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வானவில் டிரௌட்டின் உதட்டில் எரிச்சலூட்டும் பொருளைச் செலுத்திப் பார்த்தனர். அம்மீன்கள் உடலை ஆட்டின. உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன. நெடுநேரம் உணவைத் தொடவில்லை. முள் தைக்கும் வாயில் வேதனை இல்லை என்று இனி எளிதாகக் கூற இயலாது. சுவிட்சர்லாந்தில் திருப்பி விடும் எண்ணத்துடனேயே மீன் பிடிப்பதைச் சட்டம் தடுக்கிறது.

விடுவிப்பதில் நன்மை இல்லாமல் இல்லை. அதனால் மீனினம் அழியாமல் காக்கப்படுகிறது. ஆனால் பிடித்தவரின் பசி தீர அந்த வேதனை தேவைப்படவில்லை. அவரது மகிழ்ச்சிக்கே தேவைப்பட்டது. விடுவிக்கும் கருணை, அந்த வேதனையை விளைவித்த விருப்பத்தை அழித்துவிடாது.

மகாபாரதத்தின் வன பர்வத்தில் மிதிலை நகரத்து இறைச்சி வணிகரான தர்மவியாதர், தவத்தில் செருக்குற்ற கௌசிகருக்கு அறம் உபதேசிக்கிறார். சுவாமி விவேகானந்தர் கர்மயோகச் சொற்பொழிவுகளில் இக்கதையை எடுத்துரைத்தார். வியாதரின் தொழில் ஹிம்சையற்றது அன்று. ஆனால் அவர் அதைப் பற்றின்றிக் கடமையாகச் செய்தார். அதில் இன்பம் தேடவில்லை. ஒருமுனைப்பு உயர்ந்ததே. எனினும் கொக்குக்கும் ஒருமுனைப்பு உண்டு. மனம் எதன்மீது குவிகிறது, எதற்காகக் குவிகிறது என்பதே சாதகன் கேட்க வேண்டிய கேள்வி.

தூண்டிலைத் தொட்டறியாதவர்களும் இக்கேள்வியிலிருந்து தப்ப முடியாது. வேடிக்கைக்காக ஒருவர் மனத்தில் சொல்லால் முள்ளைத் தைத்து, அவர் துடிப்பதைக் கண்ட பின், "விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்று விட்டுவிடுவது அன்றாடம் நிகழ்வதே. விட்ட மீன் நீந்திச் சென்றுவிடும். வாயில் தைத்த புண்ணும் அதனுடனேயே செல்லும். முள்ளை மென்மையாக எடுப்பது நல்லது. தைக்காதிருப்பதே அறம்.