ஸ்டீரிங் இருக்கும் வரை

மலேசியாவில் காடியை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமல் குடிபோதை வழக்கில் மாட்டிக்கொள்ள முடியும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 45ஆவது பிரிவுக்கு வண்டி ஓடியதா என்பது முக்கியமில்லை. போதையில் இருந்தவரின் பொறுப்பில் வண்டி இருந்ததா என்றுதான் பார்க்கிறது. சாவியோடு ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தால், தான் ஓட்டியிருக்க வாய்ப்பே இல்லை என்று நீதிமன்றத்தை நம்ப வைப்பது படுத்தவர் பாடு.

அலோர் காஜாவில் கல்யாண விருந்து என்றால் மண்டபத்துக்குள் ஒன்று, பின்னால் காடி நிறுத்துமிடத்தில் இன்னொன்று. பூட் திறந்திருக்கும். ஐஸ்பெட்டியில் பீர் டின்கள், பிளாஸ்டிக் கப், உள்ளேயிருந்து யாரோ தட்டோடு தூக்கி வந்த ஆட்டுக்கறிப் பிரட்டல். அப்படி ஒரு கூட்டத்தில் என் அக்காள் மகன் கேட்டான்: "மாமா, காடியே தானா ஓட்டிக்கிட்டுப் போனா, குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கிறது என்னா தப்பு? நான் சும்மா பயணிதானே?"

"முதல்ல அந்தக் காடிய வாங்குடா" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

டெஸ்லா 2023 ஜூலையில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்துவிட்டது. இத்தகைய காடிகள் நெடுஞ்சாலையில் தாமே ஸ்டீரிங்கைத் திருப்பும், பிரேக் போடும். ஆனால் மனிதன் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்க்காமல் விட்டால் யார் தலையில் விடியும் என்பதை அமெரிக்காவில் கண்டோம். 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில், தானாக ஓடிக்கொண்டிருந்த ஊபர் சோதனைக் காடி சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. நிறுவனத்தின் மேல் குற்ற வழக்கு வரவில்லை. உள்ளே கண்காணிக்க உட்கார்ந்திருந்த ஊழியர் மேல்தான் வந்தது. 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. அவர் குடித்திருந்தார் என்று யாரும் சொல்லவில்லை. குடிக்காதவருக்கே இந்தக் கதி.

நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. குடித்தவன் பால்மரங்களுக்கு நடுவே தள்ளாடி லயத்துக்கு நடந்து போனான்; விழுந்தால் அவன் முட்டிதான் பெயர்ந்தது. அதற்காக அந்தக் காலத்தைப் புகழ முடியாது. சம்பளமும் பெண்டாட்டியின் முதுகும் அந்தக் கடைக்குக் கப்பம் கட்டின. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சனங்கள் தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்தார்கள். குடிக்கும் இடத்துக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவில் பெரிய ரோடு வந்துவிட்டது.

2020 அக்டோபரில் சட்டம் இறுகியது. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை விட்டுவைத்தவர்கள் 50க்கு இறக்கினார்கள். குடித்து ஓட்டி உயிரைப் பறித்தால் முதல் முறையே பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். நள்ளிரவு சாலைத் தடுப்பில் குழாயை ஊதுகிறவனுக்கு இந்த எண்களால் ஒரு பயனும் கிடையாது. மாலை ஆறு மணிக்குக் குளித்துச் சட்டை மாட்டுகிறானே, அவன் காதில் விழத்தான் இவை எழுதப்பட்டிருக்கின்றன: வீட்டுக்கு எப்படித் திரும்பப் போகிறாய், இப்போதே சொல்.

பாதி தானாக ஓடும் காடி இந்த ஏற்பாட்டைக் கெடுக்கிறது. தெளிவாக இருப்பவன் மாலையில் எடுக்க வேண்டிய முடிவை, இரவு பன்னிரண்டு மணிக்குத் திரையில் பொத்தானைத் தேடும் விரலிடம் தள்ளிவிடுகிறது. சிம்பாங் அம்பாட் டோலைத் தாண்டி மழை கொட்டும்போது 'இனி நீயே ஓட்டு' என்று அது கைவிட்டால், எழுந்திருப்பவன் யார்? அதனால் ஸ்டீரிங் இருக்கும் வரை 45ஆவது பிரிவும் அப்படியே இருக்கட்டும் என்பேன். 1872இலேயே பிரிட்டனில் குடிபோதையில் குதிரையைப் பொறுப்பில் வைத்திருப்பதைக் குற்றமாக்கினார்கள். வீட்டுக்கு வழி தெரிந்த குதிரை என்று யாருக்கும் சலுகை கொடுக்கவில்லை. அதே நாடு 2024இல் நிறைவேற்றிய தானியங்கி வாகனச் சட்டம் மனிதன் பொறுப்பேற்கக் காத்திருக்கும் பயணத்தையும் அவன் வெறும் பயணியாகப் போவதையும் பிரித்து வைக்கிறது. இரண்டாவது வகை வந்தால் என் அக்காள் மகன் பின் இருக்கையில் தாராளமாகக் குறட்டை விடலாம். பஸ்ஸில் தூங்குகிறவனை யார் பிடிப்பது?

ஆனால் அன்று அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் வந்தது மோட்டாரில். இந்நாட்டில் சாலையில் சாகிறவர்களில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் மோட்டாரில் போகிறவர்கள்தான். செம்பனைக் காட்டு ரோட்டில் கப்சாய் ஓட்டிப் போகிறவனுக்கு எந்தத் தானோட்டியும் அண்மையில் வரப்போவதில்லை. பூ அலங்காரத்துக்குக் கொட்டும் காசில் ஒரு துளியை எடுத்து, கடைசிப் பந்தி முடிந்ததும் ஒரு வேன் பிடித்துவிடலாமே என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் கேட்டேன்.

"பிடிக்கலாம் அண்ணே. மோட்டாரை இங்க விட்டுட்டுப் போனா காலையில இருக்குமா?"

நியாயமான கேள்வி. கேட்டைப் பூட்டி, விடியும்வரை ஒரு ஜாகாவை உட்கார வைக்க வேண்டும். அதற்கு மண்டபக்காரர் தனியாகக் காசு கேட்பார்.