சுருக்கின் மறுமுனை

பைக்கின் பிரேக் கம்பி அது. ஒரு முனையை மரத்தடியில் கட்டி, இன்னொன்றை வளையமாக்கித் தடத்தின் குறுக்கே புதருக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். நீலகிரி அடிவாரக் காட்டில் உடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வளையத்தில் இரண்டு மூன்று செம்மயிர்கள் ஒட்டியிருந்தன.

"புள்ளிமானுக்குக் கட்டினது சார். ஆனா கம்பிக்கு என்ன தெரியும்? சிறுத்தையும் மாட்டும்."

இழுத்தால் இறுகும் முடிச்சு. மான் பயந்தால் ஓடும், ஓடினால் இறுகும். புலியிடமிருந்து அதைக் காப்பாற்றிவந்த அதே ஓட்டம் இங்கே கழுத்தை நெரிக்கிறது. இதற்கு வேட்டை என்று பெயர் வைத்ததே தவறு. கட்டியவன் அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான்.

காவலர் இருளர். தாத்தா இதே காட்டில் வேட்டையாடியவராம். அதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை.

தாத்தாவுக்கும் முந்தைய தலைமுறையில், 1879-இல், சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க ஒரு சட்டம் போட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே துரைமார் அங்கே வேட்டைச் சங்கம் தொடங்கியிருந்தார்கள். தாங்களே சுட்டுக் குறைத்த கடமானைப் பற்றித் தாங்களே கவலைப்பட்டார்கள்! சுடக்கூடாத மாதங்கள் வந்தன, உரிமம் வந்தது. நாளைய துப்பாக்கிக்கு மான் மிஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். உரிமத்தோடு சுட்டவர் கனவான், உரிமமில்லாமல் கண்ணி வைத்தவன் திருடன். இருந்தாலும் அந்தச் சட்டத்தை முழுதாகப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. காட்டுக்கும் ஓய்வு மாதம் வேண்டும் என்று எழுதி வைத்தார்களே, அதுவரை சரி.

1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் முதலில் வேட்டை உரிமத்துக்கு இடம் இருந்தது. 1991 திருத்தம்தான் அதை எடுத்துப்போட்டது. துரை, கனவான், வேடன் எல்லோரும் ஒரே கோட்டில் வந்து நின்றார்கள். அப்படித்தான் நினைத்தோம்.

கல்லூரி நாட்களில் நண்பன் ஒருவன் வீட்டில் விருந்து. மிளகு தூக்கலாகப் போட்ட வறுவல். "என்ன கறிம்மா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை. தட்டு காலியானது.

கம்பியைக் கையில் வைத்திருந்தபோது அந்தக் கேட்காத கேள்விதான் நினைவுக்கு வந்தது. காட்டுக்குள் பிடிபடுகிறவன் பெரும்பாலும் கூலிக்குக் கட்டுகிறவன். வழக்கு, சிறை, செய்தித்தாளில் குனிந்த தலை எல்லாம் அவனுக்கு. "நல்ல கறி வந்திருக்கு" என்று நகரத்தில் போன் வரும் வீட்டுக்கு ஒன்றும் நேர்வதில்லை. அந்த வீடு கேட்டதால்தான் மரத்தடியில் கம்பி ஏறியது. அன்றைக்கு என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. கறி ஒருவர் வசம் இருந்தால், அது முறைகேடாக வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை 57-ஆம் பிரிவு அவர் தலையிலேயே வைக்கிறது. நிரூபிக்க வழியும் கிடையாது. நம் காட்டு மானின் கறியை விற்க உரிமம் பெற்ற கடை இந்த நாட்டில் ஒன்றுகூட இல்லை.