சொல்லாத நோவும் தேடாத காரணமும்

நோவு உடலில் நிகழ்வது. அதன் காரணமோ பல வேளைகளில் உடலுக்கு வெளியே இருப்பது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தை மனித நோயாளி தன் சொல்லாற் குறைத்துவிடுகிறான். எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, எதைச் செய்யும்போது கூடுகிறது என அவன் கூறுவனவற்றை வைத்தே வைத்தியன் மேலே செல்கிறான். சொல்லற்ற உயிரின் விடயத்தில் இத்துணை கிடைப்பதில்லை. அங்கு நோவை உணர்வது ஓருயிர். அதனை அறிய வேண்டியவர் வேறொருவர். அவ்வுயிரின் உழைப்பால் விளையும் பயனை நுகர்பவரும் பெரும்பாலும் அவரே. ஆதலின் பேசாத உயிரின் நோவுக்குக் காரணம் தேடுதல் மருத்துவ வினாவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அறிவாராய்ச்சியியலும் ஒழுக்கவியலும் ஒருங்கே சந்திக்கும் இடமாகவும் அது அமைகின்றது. பந்தயத்துக்கெனப் பழக்கப்படும் இளங்குதிரையின் கால்நோவு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

தொரோபிரெட் எனப்படும் பந்தயக் குதிரை வட அரைக்கோளத்தில் எம்மாதத்திற் பிறந்ததாயினும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதலாந் திகதி ஒரு வயது கூடியதாகவே கணிக்கப்படும். ஏப்ரில் மாதத்திற் பிறந்த குட்டி, இருபது மாதங்கள் கழிந்த நிலையிலேயே ஏட்டில் இரண்டு வயதுக் குதிரையாகிவிடுகின்றது. அவ்வயதுக் குதிரைகளுக்கெனத் தனிப் பந்தயங்கள் உள்ளமையாற் பயிற்சியும் இளமையிலேயே தொடங்கிவிடும். பயிற்சி தொடங்கிச் சில மாதங்களில் இவற்றுட் பலவற்றுக்கு முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழேயுள்ள நீண்ட என்பின் முன்புறத்தில் நோவு தோன்றும். விரலால் அழுத்தினாற் குதிரை காலை இழுத்துக்கொள்ளும். ஓட்டத்தில் எட்டு வைக்கும் தூரம் குறையும். சிலவற்றில் அவ்விடம் புடைத்தும் காணப்படும். ஒரு சிறு பங்கினவற்றில் அதே இடத்திற் பின்னர் என்பு வெடிப்பதும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் பயிற்சி பெறும் இரண்டு வயதுக் குதிரைகளில் ஏறத்தாழ 70 சதவீதமானவை இந்நோவுக்கு ஆளாகின்றன என 1970களின் பிற்பகுதியில் மதிப்பிடப்பட்டது.

முதலில் எழுவது, இந்நோவை இன்னொருவர் எங்ஙனம் அறிகிறார் என்னும் வினா. சைவசித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என அளவைகளை மூன்றாக வகுத்தனர். பிறிதோர் உயிரின் நோவு காட்சிக்கு அப்பாற்பட்டது. உணர்ந்தவர் வாய்மொழி என்ற பொருளிலேனும் உரையைத் துணைக்கொள்ளலாமெனின், குதிரைக்கு அதுவும் இல்லை. எஞ்சுவது கருதல் ஒன்றே. புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது போல, அசைவைக் கண்டு நோவை உய்த்துணர வேண்டியுள்ளது. முன்னங்கால் ஒன்றில் நோவுடைய குதிரை மெல்ல ஓடும்போது, அக்கால் நிலத்தில் ஊன்றும் கணத்தில் தலையை உயர்த்தும். நோவற்ற கால் ஊன்றும்போது தலையைத் தாழ்த்தும். நோவுடைய காலின் மீது விழும் பாரத்தைக் குறைப்பதே அதன் நோக்கம். இவ்வசைவு புகை, நோவு நெருப்பு.

பதினேழாம் நூற்றாண்டில் டேக்காட் விலங்குகளைப் பொறிகளுக்கு ஒப்பிட்டார். அவ்வழி நின்று நோக்குவோருக்குத் தலை உயர்தல் பொறியிலேற்பட்ட பழுதாகவே தோன்றும். அங்கு நோவு என்னும் சொல்லுக்கே இடமில்லை. 1789இல் வெளிவந்த தம் நூலில் பென்தாம் இவ்வாதத்தின் அடிப்படையையே மாற்றினார். விலங்குக்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்பன அவருக்கு உரிய வினாக்களாகத் தோன்றவில்லை. அதற்குத் துன்பம் உண்டா என்பதே அவர் எழுப்பிய வினா. அண்மைக் கால ஆய்வுகள் இவ்வினாவை மேலும் நுணுக்கமாக அணுகியுள்ளன. 2014இல் குதிரையின் முகக்குறிகளைக் கொண்டு நோவை அளவிடும் முறையொன்று வெளியிடப்பட்டது. காது பின்னோக்கி விறைத்து நிற்றல், கண்ணைச் சுற்றியுள்ள தசை இறுகுதல், தாடைத் தசை புடைத்தல் முதலியன அதில் அடங்கும். 2018இல் சூ டைசன் என்னும் மிருக வைத்திய அறிஞரும் அவருடன் ஆய்ந்தோரும், மனிதன் ஏறிச் செலுத்தும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் எட்டோ அதற்கு மேற்பட்டவையோ காணப்படின் தசையிலோ என்பிலோ நோவு இருத்தல் கூடும் என எடுத்துரைத்தனர். வாலைச் சுழற்றுதல், தலையை உதறுதல், முன்செல்ல மறுத்தல் போன்ற இந்நடத்தைகளுட் பல நெடுங்காலமாகக் குதிரையின் முரட்டுக் குணமெனக் கருதப்பட்டு வந்தவை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. உரை இல்லையென்று எண்ணப்பட்ட இடத்தில் உரை இருந்தது. அதனைக் கேட்டவர்கள் அதற்குக் கீழ்ப்படியாமை எனப் பெயரிட்டனர்.

நோவு உண்டென அறிந்தபின் அது நிகழும் இடத்தை அறிதல் வேண்டும். இதற்கு மிருக வைத்தியர் கையாளும் முறை தருக்க நெறிப்பட்டது. காலின் அடிப்பகுதியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நரம்பையும் விறைப்பூசியால் முறையே உணர்விழக்கச் செய்து, ஒவ்வொரு முறையும் குதிரையை ஓடவிட்டுப் பார்ப்பர். எந்த ஊசிக்குப் பின் நொண்டுதல் மறைகிறதோ, அந்த நரம்பு உணர்வூட்டும் பகுதியிலேயே நோவு உள்ளதெனத் துணிவர். ஆயின் இடம் வேறு, காரணம் வேறு. 'என்பின் முன்புறம் நோகிறது' என்பது எங்கே என்ற வினாவுக்கு விடையாகுமேயன்றி, ஏன் என்ற வினாவுக்கு விடையாகாது. இடத்தைக் கண்டதும் காரணத்தையும் கண்டுவிட்டதாக அமைதி கொள்வது ஆராய்ச்சியில் நேரும் பொதுவான இடறல்களுள் ஒன்று.

இளங்குதிரையின் கால்நோவிலும் இதுவே நிகழ்ந்தது. பெரும்பாலானவற்றுக்கு வரும் நோவாதலின் அது வயதின் இயல்பெனக் கொள்ளப்பட்டது. பால்பற்கள் விழுவது போல இதுவும் ஒரு பருவத்துக்குரியது, வந்து போனால் நல்லது என்ற எண்ணம் பயிற்சிக்கூடங்களில் நிலைபெற்றது. எது எங்கும் காணப்படுகிறதோ அதற்குக் காரணம் கேட்கும் வழக்கம் மனிதரிடம் அருகியே உள்ளது. காரணம் கேட்கப்படுவது வழக்கத்துக்கு மாறானவற்றுக்கே. ஆயின் பரவல் இயல்புக்குச் சான்றாகாது. பத்தில் ஏழு குதிரைகளுக்கு ஒரு நோவு வருமாயின், குதிரையின் இயல்பு அத்தகையது என்பதற்கு அது எத்துணைச் சான்றோ, அப்பத்துக் குதிரைகளுக்கும் ஒரே தவறு இழைக்கப்படுகிறது என்பதற்கும் அத்துணைச் சான்றாகும்.

மருத்துவமும் இவ்வெண்ணத்துக்கு ஏற்பவே அமைந்தது. நோவுள்ள இடத்திற் பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் புள்ளி புள்ளியாகச் சுடும் முறை தலைமுறைகளாகக் கையாளப்பட்டது. சுட்டபின் குதிரைக்குப் பல வாரங்கள் ஓய்வளிக்கப்படும். ஓய்வில் நோவு தணியும். தணிந்தமைக்குரிய புகழோ இரும்பைச் சேரும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை இதுவே. இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நிகழ்தல் கொண்டு ஒன்றை மற்றொன்றன் காரணமெனத் துணிதல் கூடாதென்பதைத் தருக்க நூலார் அனைவரும் வற்புறுத்துவர். அவ்வழுவுக்கு விலையாக உயிருள்ள தோலின் மீது சூடு விழுந்தது.

இந்நிலையிற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மிருக வைத்திய அறிஞரான டேவிட் நியூனமேக்கரும் அவரோடு ஆய்ந்தோரும் 1980களிலும் அதன் பின்னரும் வேறொரு வினாவை எழுப்பினர். வண்டி பூட்டி ஓட்டப்படும் ஸ்ராண்டேட்பிரெட் என்னும் குதிரையினமும் இளமையிலேயே பயிற்றப்படுவது. அதுவும் நெடுந்தூரம் ஓடுவது. எனினும் இந்நோவு அவ்வினத்தில் அரிது. இளமையே காரணமாயின் இரண்டு இனங்களுக்கும் நோவு ஒத்திருத்தல் வேண்டும். ஜோன் ஸ்ருவாட் மில் 1843இல் வெளியிட்ட தம் தருக்க நூலில் வேற்றுமை முறை என வகுத்த நெறி இங்கு பயன்படுவதைக் காணலாம். விளைவு வேறுபடுமிடத்தில் எது வேறுபடுகிறதெனத் தேடுக என்பதே அந்நெறி.

வேறுபட்டது ஓட்டத்தின் தன்மை. உயிருள்ள என்பு தன்மீது விழும் பாரத்துக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பதை ஜேர்மனிய அறிஞர் யூலியஸ் வொல்வ் 1892இலேயே விளக்கியிருந்தார். குதிரையின் காலில் நுண்ணிய அளவிகளைப் பொருத்தி ஆராய்ந்தபோது, வேகம் மாறுகையில் என்பு அடையும் விகாரத்தின் அளவு மட்டுமன்றித் திசையும் மாறுவது தெரியவந்தது. மெதுவான நெடுந்தூர ஓட்டத்திற் பழகிய என்பு அவ்வோட்டத்துக்கேற்பவே தன்னைக் கட்டிக்கொள்கிறது. பின்னர் திடீரெனப் பந்தய வேகத்துக்கு உட்படும்போது, தான் ஆயத்தப்படாத விசையை அது தாங்க வேண்டியுள்ளது. நுண்ணிய சேதங்கள் திரள்கின்றன, அவற்றுக்கு ஈடாகப் புதிய என்பு அவசரமாகப் படிகிறது, அவ்விடம் நோகிறது. 2000ஆம் ஆண்டில் பொஸ்ரனும் நியூனமேக்கரும் வெளியிட்ட ஆய்வு, மெதுவான நெடுந்தூர ஓட்டம் மிகுந்தபோது இந்நோவு வரும் வாய்ப்பு கூடியதையும், குறுகிய தூர வேக ஓட்டத்தை அளவாகச் சேர்த்தபோது அது குறைந்ததையும் காட்டிற்று.

ஒழுக்கவியலார் கருத்தூன்ற வேண்டிய இடம் இது. மெதுவான நெடுந்தூரப் பயிற்சியை மேற்கொண்டோர் கொடியவரல்லர். இளங்காலுக்கு வேகம் ஆகாது, பொறுமையாக அடித்தளம் இட வேண்டும் என்ற பரிவினாலேயே அவ்வாறு செய்தனர். பரிவே நோவை விளைத்தது. நன்மனமே நற்செயலுக்குப் போதுமானது எனக் கொள்வோர்க்கு இது எளிதில் விடுவிக்க முடியாத சிக்கலாகும். இன்னொருவரின் உடலைத் தம் பொறுப்பில் ஏற்றவருக்கு அன்பு மட்டும் போதாது. அவ்வன்பு சரியான வழியிற் செல்கிறதா எனத் தேடியறிதலும் அவ்வன்பின் கடமைகளுள் ஒன்றாகின்றது.

ஆங்கிலக் கணித அறிஞர் வில்லியம் கிளிபோட் 1877இல் வெளியிட்ட 'நம்பிக்கையின் ஒழுக்கவியல்' என்னும் கட்டுரையில் ஒரு கப்பற் சொந்தக்காரனைக் காட்டுகிறார். அவன் கப்பல் பழையது. பழுதுபார்க்க வேண்டுமோ என்ற ஐயம் அவனுக்கு எழுகிறது. இதுவரை பல பயணங்கள் சென்று மீண்டதை எண்ணி அவன் அவ்வையத்தை அடக்கி, உளமார நம்பிக்கை கொண்டு பயணிகளை அனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் நம்பிக்கை மெய்யானதே. ஆயினும் அந்நம்பிக்கைக்கு அவனுக்கு உரிமையில்லை என்கிறார் கிளிபோட். கப்பல் மூழ்காது கரை சேர்ந்திருப்பினும் அவன் குற்றம் குறையாது. 'எல்லாக் குதிரைக்கும் வருவதுதான்' என்ற கூற்றும் 'இதுவரை மூழ்கவில்லை' என்ற கூற்றும் ஒரே வகையின. இரண்டும் ஐயத்தைத் தீர்ப்பன அல்ல, அடக்குவன.

இங்கு நீதியான ஒரு வேறுபாட்டையும் கூறுதல் வேண்டும். அறிய வழியில்லாத காலத்து அறியாமை வேறு. கேட்கக்கூடிய வினாவைக் கேளாது விட்ட அறியாமை வேறு. ஆய்வுகள் தோன்றுமுன் வாழ்ந்த பயிற்சியாளர்மீது பின்வந்தோரின் அறிவைக் கொண்டு பழி சுமத்துதல் முறையன்று. ஆயினும் ஆய்வுக்கு முன்னரும் ஒன்று கண்முன் இருந்தது: குதிரை காலை இழுத்துக்கொண்டது. என்பின் இயக்கத்தை அறியாதவரும் அவ்வசைவை ஒரு வினாவாக ஏற்றிருக்க முடியும். அறிவு வளர வளர மன்னிப்பின் எல்லை சுருங்கிக்கொண்டே வருகிறது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

நோவைத் தணித்தால் போதாதா என வினவலாம். 1968இல் கென்ரக்கி டேபிப் பந்தயத்தில் முதலாவதாக வந்த டான்சேஸ் இமேஜ் என்னும் குதிரையின் பரிசோதனையில் பீனைல்பியூற்றசோன் என்னும் நோவு தணிக்கும் மருந்து கண்டறியப்பட்டு, அதன் வெற்றி மறுக்கப்பட்டது. அவ்வழக்கு ஆண்டுக் கணக்கில் நீடித்தது. ஓய்விலிருக்கும் குதிரைக்கு நோவு தணிக்கும் மருந்து அளித்தல் இரக்கச் செயலே. ஓடவேண்டிய குதிரைக்கு அதனை அளிக்கும்போது மருந்து ஒன்றேயாயினும் செயல் வேறாகிவிடுகின்றது. முன்னதில் துன்பம் நீங்குகிறது; பின்னதில் சாட்சி வாய் மூடப்படுகிறது. பேச்சற்ற உயிருக்கு நோவே முறையீடு. முறையீட்டை அழித்துவிட்டு வழக்கில்லை எனக் கூறுவது நீதியாகாது.

இன்னொரு சாரார், இவ்விலங்குகளைப் பந்தயத்துக்குப் பழக்குவதே தவறு, ஆதலின் நோவின் காரணம் தேடுவது தவற்றைச் செம்மைப்படுத்தும் முயற்சி என்பர். இவ்வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. இருபது மாதக் குட்டியை இரண்டு வயதென எழுதும் ஏடு குதிரையின் நன்மைக்காக எழுதப்பட்டதன்று. எனினும் பெருவினாவுக்கு விடை கிட்டும்வரை சிறுவினாவை ஒத்திவைத்தல், இன்று நோகும் காலை நாளைய கொள்கைக்குப் பணயம் வைப்பதாகும். மேலும், காரணத் தேடல் உண்மையானதாயின் அது என்பில் நில்லாது. பயிற்சி முறைக்கும், அதிலிருந்து பந்தய நாட்காட்டிக்கும், அதற்கு அப்பால் இளங்குதிரையில் முதலிட்டவரின் அவசரத்துக்கும் செல்லும். ஏன் என்ற வினாவை இடைநடுவில் நிறுத்தாதவர் பெருவினாவையும் தாமாகவே சென்றடைவர்.

அத்தேடல் பெரும்பாலும் இடைநடுவில் நிற்பதற்குக் காரணம் உண்டு. குளம்பிலும் என்பிலும் குறை காண்பது தேடுபவருக்கு எளிது. தன் நாளாந்த முறையிற் குறை காண்பது அரிது. ஐயத்துக்குரியோர் பட்டியலில் தன் பெயரையும் எழுதிக்கொண்டு தேடத் தொடங்குபவரே காரணத்தை முழுமையாகத் தேடுபவராவர். இது குதிரைக்கு மட்டும் உரியதன்று. அழுகை தவிர வேறு மொழியில்லாக் குழந்தை, முறையிட்டால் வேலை போகுமென அஞ்சும் தொழிலாளி, நினைவு தப்பிய முதியவர் ஆகியோரின் நோவும், அதனை விளைத்திருக்கக்கூடியவர் கையிலேயே ஆராய்ச்சிக்கு விடப்படுகிறது. அவர்களிடத்தும் 'இது வழமைதான்' என்னும் சொல் விரைவில் வந்துவிடுகின்றது. அச்சொல் எங்கு விரைந்து வருகிறதோ அங்கு காரணம் இன்னும் தேடப்படவில்லை எனக் கொள்ளலாம்.